கோழிக்கு ஊசி போடுகிறார்களாமே?

சேலையூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பிராய்லர் கோழியை ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்களாமே! என் இரண்டு வயதுப் பையனுக்கு ஈரல் வேக வைத்துக் கொடுக்கிறேன். கொடுக்கலாமா, கூடாதா?"

இந்த ஊசிக் கதை தெருவுக்குத் தெரு உண்டு. ஆறு வாரத்தில் கோழி இரண்டு கிலோ நிற்பது, நல்ல இனமாகப் பொறுக்கிச் சேர்த்ததாலும் தீவனத்தாலும்தான். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்துப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகும், சொல்லுங்கள்!

கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் மருந்தைப் பற்றி. நோய் வந்த கோழிக்கோ ஆட்டுக்கோ மருந்து கொடுப்பது தப்பில்லை. கொடுத்த பிறகு இத்தனை நாள் அறுக்கக் கூடாது என்று கணக்கு இருக்கிறது. அதற்குள் அறுத்தால் மருந்து கறியில் தங்கிவிடும். 2014-ல் டில்லியில் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தார் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பதில் மருந்து இருந்தது.

கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. வேறு எதுவும் கேட்காத நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கையிலெடுப்பது. அதைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள்! 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை போட்டது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் மருந்துகளை உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்காக விற்கக் கூடாது என்ற உத்தரவு 2025 மார்ச்சில் வந்தது. இப்படி மருந்தைக் கண்டபடி கொடுத்தால் கிருமிகளுக்கு அது பழகிப்போகும். பிறகு நம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது டாக்டர் எழுதும் மருந்து வேலை செய்யாது.

லாபில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கறியை விழுதாக அரைத்து, ஒரு திரவத்தில் கலக்கி, மருந்தை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். முதலில் எலிசா என்ற சோதனை. நிறம் மாறுவதை வைத்துச் சந்தேகமானதைப் பொறுக்கிவிடலாம். அதை மட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற பெரிய மெஷினில் வைத்து, இன்ன மருந்து, இவ்வளவு என்று உறுதி செய்கிறார்கள். நூறு கோடியில் ஒரு பங்கு வரை அது காட்டிக்கொடுக்கும். ஆயிரம் டன் அரிசியில் ஒரு கிராம் உப்பைத் தேடுகிற மாதிரி!

"நன்றாக வேக வைத்தால் போயிடாதா?" கிருமி போகும், மருந்து முழுக்கப் போகாது. மஞ்சள் போட்டுக் கழுவினாலும் அப்படித்தான். பல மருந்துகள் சதையைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் அதிகம் தங்கும். ஈரலே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரும்புச் சத்து அதில் நிறைய. ஆனால் தினம் கொடுக்க வேண்டாம். வாரம் ஒரு நாள், கொஞ்சமாகப் போதும். மற்ற நாட்களில் பருப்பும் கீரையும் முட்டையும் இருக்கவே இருக்கின்றன.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, வாங்குகிற நாமே கட்டணம் கட்டி உணவைப் பரிசோதிக்கச் சொல்லலாம். சோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உணவு சட்டப்படி இல்லையென்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. தாம்பரம்வாசிகளுக்கு மின்சார ரயிலில் போய்வருகிற தூரந்தான். "மருந்து எச்சம் பார்க்க முடியுமா?" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பில்லையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போங்கள்.