காணி அவளுடையது, கையொப்பம் அவனுடையது

தீவகத்துக் கமக்காரர் தம் மகளுக்குச் சீதன உறுதி முடிக்கையில், பனங்காணியும் வளவும் மகளின் பெயரிலேயே எழுதப்படுகின்றன. அதனைக் காட்டி, எமது பெண்களுக்கு என்றோ சொத்துரிமை கிடைத்துவிட்டதென நாம் பெருமை பேசுகின்றோம். அப்பெருமை மெய்தானா?

தம் பெயரிலேயே ஊர்காவற்றுறையைச் சுமந்த காவலூர் இராசதுரை எழுத, தர்மசேன பத்திராஜா நெறிப்படுத்திய 'பொன்மணி' திரைப்படம் 1970களின் பிற்பகுதியில் வெளிவந்தது. சீதனமும் சாதியும் யாழ்ப்பாணத்துப் பெண்ணின் வாழ்வை நெரிக்கும் கொடுமையை அது ஒளிக்காமற் காட்டிற்று. ஆனால், சீதனம் கொடுத்து மணம் முடிந்த பின்னரும் தொடரும் ஒரு விலங்கு உண்டு. அதனைத் திரையிலன்று, சட்டப் புத்தகத்திலேயே காணவேண்டும்.

தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. பின்னர் வந்த 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச் சட்டம், மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது என்கிறது. ஆயினும், அவள் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்றும் அதே சட்டம் விதிக்கிறது. கணவன் தன் காணியை விற்பதற்கோ மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை!

கணவன் கைவிட்டால், காணாமற்போனால், நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறலாமே என்பர். பெறலாம்தான். நெடுந்தீவுப் பெண் படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, பஸ் ஏறி, சட்டத்தரணிக்குப் பணமும் கொடுத்து, தன் சொந்தக் காணிக்கு அனுமதி இரந்து நிற்கவேண்டும். போரிலே காணாமற்போன கணவன் இருக்கின்றானா, இல்லையா என்றறியாத பெண்ணுக்கு இஃது எத்துணைக் கொடுமை!

குடும்பக் காணி சிதறாமற் காக்கவே இவ்விதி என்பாரும் உளர். காப்பதே நோக்கமெனில், கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே விதி இருக்கட்டும். 1931இல் இந்நாட்டுப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரை இந்நாடே தந்தது. நாட்டை ஆளத் தகுந்தவள் நாலு பரப்புக் காணியை ஆளத் தகாதவளா?

உரிமை கேட்டு மேடையேறும் இனம், தன் வீட்டுப் பெண்ணின் உரிமையை மறுப்பது அழகன்று. எமது பாராளுமன்ற உறுப்பினர்களும் சட்டத்தரணிகளும் இச்சம்மத விதியை நீக்க முன்வரவேண்டும். மகளுக்கு உறுதி எழுதும் ஒவ்வொரு தந்தையும் அதனைக் கேட்கவேண்டும். பொன்மணிக்காகத் திரையின்முன் சிந்தும் கண்ணீர் மட்டும் போதாது.