கிளுவை வேலியும் மழைநீரும்

கொங்கு நாட்டின் பின்னலாடை நகரமாகிய திருப்பூர், நீரின் அருமையையும் சீற்றத்தையும் ஒருங்கே கண்ட ஊராகும். அப்பகுதியில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டரே. குடிநீருக்கும் தொழிலுக்கும் பவானி, காவிரி ஆறுகளின் நீர் நெடுந்தொலைவிலிருந்து குழாய் வழியே வருகின்றது. அத்தகைய ஊரில்தான் 2011-ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் ஓடைகள் கரைபுரண்டன. கரையோரத்து எளிய மக்கள் பலர் உயிரிழந்தனர். நீருக்கு ஏங்கும் ஊர், வானம் தந்த நீரைத் தாங்க மாட்டாது தத்தளித்தது.

இதற்குக் காரணம் மழையன்று. மழை விழும் தரையே ஆகும். ஆயிரம் சதுரமீட்டர் கூரையுடைய ஒரு பனியன் ஆலையின்மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 லிட்டர் நீர் திரளும். கூரையை அடுத்துச் சிமெண்டு முற்றம். முற்றத்தை அடுத்துத் தார்ச்சாலை. அந்நீர் மண்ணைக் காணாமலே ஓடையை அடைகின்றது. 2003-ஆம் ஆண்டில் மழைநீர்ச் சேகரிப்புத் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அது நல்ல முயற்சியே. ஆயினும் தூர் வாரப்படாத குழிகளில் வண்டல் படிந்துவிட்டால், நீர் உட்புக வழியில்லை. வேர் ஓடும் மண்ணோ தானே துளைபட்டு நீரை ஏற்கின்றது.

இவ்வுண்மையை அம்மாவட்டத்து உழவர் நெடுங்காலமாக அறிவர். காங்கயம், மூலனூர்ப் பகுதிகளில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. செம்மண்ணும் சரளையும் கலந்த மானாவாரி நிலம் அது. அதனைச் சுற்றிலும் கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல் மரங்களையும் வளர்ப்பர். கோடையில் கிளுவை இலையுதிர்த்து நிற்கும். புல் காய்ந்து சருகாகும். பட்டுப்போயின என்றே புதியவர் எண்ணுவர். ஒரு மழை பெய்யட்டும்! தூரிலிருந்து புல் துளிர்க்கும். வேலி பசுமை பூணும். புல்லின் சல்லிவேர் மண்ணை இறுகப் பற்றும். அதன் தூர்கள் ஓடும் நீரைத் தடுத்துத் தயங்கி நிற்கச் செய்யும். வெள்வேலின் நிழல் மெல்லியதாகலின் அதன் அடியிலும் புல் செழிக்கும்; அதன் காய்கள் கால்நடைகளுக்கு உணவாகும். புகழ்பெற்ற காங்கயம் காளைகள் மேய்ந்து வளர்வது இந்நிலத்தில்தான்.

இவ்வளவும் அருகிலிருக்க, ஆலைகளின் முகப்பில் கொரியன் புல்லை விரித்து, வாங்கிய நீரை அதற்கு நாள்தோறும் இறைப்பது விந்தையன்றோ? நாட்டுச் செடிகள் ஒழுங்கற்றுத் தோன்றும், பாம்பு அடையும் என்று கூறுவர் சிலர். கழிக்காது விட்ட வேலிக்கு அக்குறை உண்டு. ஆண்டுதோறும் சீராகக் கழித்த வேலிக்கு அது பெரும்பாலும் இல்லை. நிலத்தின் விலையோ மிகுதி என்பர். மதிலோரத்தில் இரண்டு முழ அகலத்தில் தரையைச் சற்றுத் தாழ்த்தி, கூரைநீரை அதில் விட்டு, கொழுக்கட்டைப் புல்லும் கிளுவையும் நட்டால் போதும். ஒரு பங்கு நீரேனும் அங்கே நிற்கும். ஆனால் சாயநீரை அதில் விடலாகாது. சாயக்கழிவின் உப்பைச் செடிகள் நீக்கிவிடும் என்று கருதுதல் பெரும்பிழை. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட துன்பம் அதற்குச் சான்று.

2015-ஆம் ஆண்டு தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' என்னும் இயக்கம் இலட்சக்கணக்கான மரக்கன்றுகளை நட்டுள்ளது. அது பாராட்டத்தக்க தொண்டு. எனினும் மரம் ஒன்றையே நோக்குதல் போதாது. மழைத்துளி தரையைத் தொடும் இடத்தில் அதனை எதிர்கொள்வன புல்லும் புதருமே. அவற்றை நடுவதற்குரிய இடம் வெள்ளம் பிறக்கும் நகரத் தெருக்களாகும். பெருமழை முழுவதையும் அவை தாங்கிவிடா. ஓடைகளின் ஆக்கிரமிப்பும் அகற்றப்படல் வேண்டும். அது அரசின் கடமை. காலம் பிடிக்கும் பணியுங்கூட. வேலி நடுவதற்கு அவ்வளவு காலம் வேண்டுவதில்லை. கிளுவைக்கு விதையும் நாற்றங்காலும் வேண்டா. போத்தை வெட்டி மழைக்காலத்தில் ஊன்றினால் வேர்பிடிக்கும். காங்கயத்துக் காட்டில் ஒரு வேலியைக் கழிக்கும்போது கிடைக்கும் போத்துகளே திருப்பூரில் ஓர் ஆலையின் மதிலோரத்திற்குப் போதுமானவை.