கங்கைகொண்டான் சோலார் ஆலை: ஃபில்டர் விலை கம்மி, கரண்ட் பில் அதிகம் - ஏன்?

திருநெல்வேலி அருகே கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் குழுமத்தின் 4.3 ஜிகாவாட் சோலார் செல், மாட்யூல் ஆலையை முதல்வர் மு.க. ஸ்டாலின் 2025 பிப்ரவரி 6-ல் திறந்து வைத்தார். வெயிலில் இருந்து மின்சாரம் எடுக்கும் செல்லைத் தயாரிக்கவே ஏகப்பட்ட மின்சாரம் வேண்டும். அதில் பலரும் கவனிக்காத ஒரு செலவு, காற்றைச் சுத்தம் செய்யும் ஃபில்டர்.

சோலார் செல்லுக்கு எதற்கு சுத்தமான காற்று?

முடியைப் போல மெல்லிய சிலிக்கான் தகட்டில் தூசு உட்கார்ந்தால் செல்லின் திறன் குறையும். அதனால் முக்கியமான வேலைகள் 'க்ளீன்ரூம்' எனப்படும் தூசு கட்டுப்படுத்திய அறைகளில் நடக்கும். கம்ப்யூட்டர் சிப் ஆலை அளவுக்குக் கெடுபிடி இதில் இல்லை. ஆனாலும் காற்று 24 மணி நேரமும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

செலவு எங்கே வருகிறது?

ஹெபா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். அவ்வளவு நெருக்கமான இழைகளுக்குள் காற்றைத் தள்ள ஃபேன் திணற வேண்டும். இந்தத் தடையை 'பாஸ்கல்' அளவில் சொல்வார்கள்.

ஒரு பொதுவான கணக்கு (இந்த ஆலையின் கணக்கு அல்ல): நொடிக்கு 1 கன மீட்டர் காற்று, சராசரி தடை 250 பாஸ்கல், ஃபேனின் திறன் 60 சதவீதம். ஆண்டு முழுக்க ஓடினால் சுமார் 3,650 யூனிட். யூனிட் ரூ.7 என்றால் சுமார் ரூ.25,550. தடை 150 பாஸ்கலாக இருந்தால் ரூ.15,330 போதும். ஒரே ஃபில்டரில் ஆண்டுக்கு ரூ.10,000-க்கு மேல் மிச்சம். இதுபோல நூற்றுக்கணக்கில் இருந்தால்?

ஹெபா பல ஆண்டுகள் ஓடும் என்பதால், வாங்கிய விலையைவிட அது தின்னும் கரண்ட் பில்தான் பெரிசு. மலிவு ஃபில்டர் கடைசியில் காஸ்ட்லி ஆவது இப்படித்தான்.

என்ன செய்யலாம்?

* மடிப்புகள் அதிகமுள்ள, தடை குறைந்த ஃபில்டரைத் தேர்வு செய்யலாம்.
* ஆடிக்காற்றில் புழுதி பறக்கும் ஊர் இது. வெளிக்காற்று நுழையும் இடத்தில் உள்ள முன் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றினால் ஹெபா சீக்கிரம் அடைக்காது.
* நாள் கணக்கு பார்த்து மாற்றாமல், தடை எவ்வளவு ஏறியிருக்கிறது என மீட்டரைப் பார்த்து மாற்றலாம்.
* ஆட்கள் இல்லாத நேரத்தில் காற்றின் அளவை 20 சதவீதம் குறைத்தால், ஃபேனின் மின்செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சில அமைப்புகளில் பாதி வரைகூட குறையும். தூசு அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று அளந்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

க்ளீன்ரூமில் மின்சாரம் மிச்சம் பிடிக்க 2019-ல் ஐ.எஸ்.ஓ 14644-16 என்ற தனி வழிகாட்டியே வந்துவிட்டது.

நமக்கு என்ன?

2026 ஜூன் 1 முதல் அரசுத் திட்டங்கள் உட்பட பலவற்றில் அங்கீகாரம் பெற்ற செல்களையே பயன்படுத்த வேண்டும் என மத்திய அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. உள்ளூர் ஆலைகளுக்கு இது வாய்ப்பு. ஆனால் சீன செல்லின் விலையோடு மோத வேண்டும் என்றால் தயாரிப்புச் செலவில் ஒவ்வொரு பைசாவும் முக்கியம். அங்கே மிச்சமாகும் காசுதான், நாளை நம் மொட்டை மாடி சோலார் பேனலின் விலையையும், தாமிரபரணிக் கரை இளைஞர்களின் வேலையையும் தாங்கும்.