இடுதலும் ஓம்பலும்

நம்மிடம் பயின்று, இப்போது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் குடியிருக்கும் முன்னாள் மாணவி ஒருவர் சென்ற மாதம் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். வீட்டு மாடிமுகப்பில் தானியம் நிரப்பித் தொங்கவிடப்பட்ட குழாய் ஒன்று. அதன் விளிம்பில் தவிட்டு நிறக் குருவி ஒன்று இறகுகளைப் பந்துபோல் உப்பிக்கொண்டு அமர்ந்திருக்கிறது. ஒரு கண் திறந்திருக்கிறது. மற்றது வீங்கி, நீர் கசிந்து, பொருக்குத் தட்டி மூடிக் கிடக்கிறது. படத்தின் கீழே ஒரே ஒரு வரி: "ஐயா, தானியம் வைப்பதை நிறுத்திவிடவா?"

மூன்று நாட்கள் நம்மால் பதில் எழுத இயலவில்லை. பிற உயிர்க்கு உணவிடுதல் தலையாய அறம் என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் சொல்லி வருகிறவர்கள் நாம். அந்தப் பாடத்தைக் கேட்டுச் சென்றவர்தாம், அதைக் கடைப்பிடித்த இடத்திலேயே நோயைக் கண்டு திகைத்து நிற்கிறார். அவருக்கு விடை தேடிப் படிக்கப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

அக்குருவியின் பெயர் ஹவுஸ் ஃபின்ச். ஆணுக்குத் தலையிலும் மார்பிலும் செம்மை படர்ந்திருக்கும். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியும் மெக்சிகோவும் அதன் தாயகம். கிழக்குக் கரைக்கு அது தானாகப் பறந்து வரவில்லை. 'ஹாலிவுட் ஃபின்ச்' என்னும் கவர்ச்சிப் பெயரோடு நியூயார்க் கடைகளில் கூண்டில் விற்கப்பட்டது. காட்டுப் பறவையை விற்பது சட்டப்படி குற்றம் என்ற நெருக்கடி வந்தபோது, 1940-இல், வழக்குக்கு அஞ்சிய வணிகர்கள் லாங் ஐலண்டில் கூண்டுகளைத் திறந்துவிட்டனர். அந்தச் சிறு கூட்டம் அரை நூற்றாண்டில் கிழக்கு மாநிலங்கள் எங்கும் பெருகிப் பரவியது. காட்டைத் தேடி அது போகவில்லை. வீட்டு விளிம்புகளிலும் தொங்கும் பூந்தொட்டிகளிலும் கூடு கட்டியது. மனிதர் தொங்கவிட்ட குழாய்களில் தானியம் கொத்தியது.

1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வாஷிங்டன் நகரை ஒட்டிய மேரிலாந்து, வர்ஜீனியா பகுதிகளில், கண் வீங்கிய ஃபின்ச்சுகள் தென்படலாயின. நம் மாணவி இன்று வாழும் அதே நிலப்பகுதிதான் நோயின் தொடக்கக் களம். காரணம் மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம் என்னும் பாக்டீரியா. கோழிகளையும் வான்கோழிகளையும் மூச்சுநோயால் வாட்டும் பண்ணைக் கிருமியாகவே அது அதுவரை அறியப்பட்டிருந்தது. மனிதரை அது தொற்றுவதில்லை. குருவியையும் பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை, கண்ணைக் கெடுத்துவிடுகிறது. பார்வை மங்கிய குருவி இரை காணாமல் பட்டினியால் சாகிறது, அல்லது பூனைக்கும் வல்லூறுக்கும் எளிதில் அகப்படுகிறது.

சில ஆண்டுகளுக்குள் நோய் கிழக்குப் பகுதி முழுவதும் பரவியது. பல இடங்களில் ஃபின்ச்சுகளின் தொகை பாதியளவுக்கோ அதற்கும் கீழாகவோ சரிந்தது. குருவிகள் நெருக்கமாக வாழ்ந்த இடங்களிலேதான் சரிவு மிகுதி என்பதை 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் நோய் மேற்கே தாயகத்துக் குருவிகளையும் எட்டியது.

இனி அந்தக் குழாய்க்கு வருவோம். தானியத்தை எடுக்கக் குருவி சிறு துளைக்குள் தலையை நுழைக்க வேண்டும். நோயுற்ற கண்ணிலிருந்து கசியும் நீர் துளையின் விளிம்பில் ஒட்டுகிறது. அடுத்து வரும் குருவியின் கண்ணும் அதே விளிம்பில் உரசுகிறது. நோயுற்ற பறவையைச் சந்திக்காமலே, அது உண்ட கலத்தின் வழியாக மட்டுமே மற்றொன்று நோயை வாங்கக்கூடும் என்பது 2007-இல் ஆய்வின் மூலம் காட்டப்பட்டது. தீனிக்கலத்தில் அதிக நேரம் செலவிடும் குருவிகளே நோயை வாங்குவதிலும் கொடுப்பதிலும் முன்னிற்கின்றன என்று 2015-இல் மற்றோர் ஆய்வு கண்டது. கிருமி இக்கலத்தின் மேல் நெடுநாள் உயிர்வாழ்வதில்லை. ஆனால் ஓயாமல் பறவைகள் வந்துபோகும் இடத்தில் அதற்கு நெடுநாள் தேவையுமில்லை.

இவ்வளவையும் படித்தபின் நம் முன்னே இரண்டு விடைகள் எளிதாக வந்து நின்றன. இரண்டையும் நாம் ஏற்கவில்லை.

முதல் விடை: "நிறுத்திவிடுங்கள். காட்டுயிரைக் காட்டுயிராக விடுங்கள்." கேட்பதற்குத் தூய்மையாக இருக்கிறது. ஆனால் 1994-இல் அந்நோயை முதலில் கண்டவர் யார்? தம் வீட்டுச் சன்னலருகே தானியம் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தாம். அவ்வாண்டு இறுதியில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம், தத்தம் வீட்டுக்கு வரும் ஃபின்ச்சுகளின் கண்களைக் கவனித்துக் குறித்தனுப்புமாறு பொதுமக்களை வேண்டியது. திரளான தன்னார்வலர்கள் மாதந்தோறும் குறிப்பு அனுப்பினர். காட்டுயிர் நோய் ஒன்று எந்தத் திசையில், எந்த வேகத்தில் பரவுகிறது என்பதை ஏறக்குறைய தொடக்கம் முதலே உலகம் அறிந்துகொள்ள முடிந்தது அவர்களால்தான். நோய்க்கு வழிகொடுத்த கலமே நோயைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாகவும் இருந்தது. கலத்தை எடுத்துவிட்டால் அந்தக் கண்ணையும் மூடிவிடுகிறோம்.

இரண்டாவது விடை நமக்கு இன்னும் நெருக்கமானது, அதனால் இன்னும் ஆபத்தானது: "இட்டது நாம், மற்றதை இயற்கை பார்த்துக்கொள்ளும்." நூறு குருவிகளை நான்கு துளைகளின் முன் வரிசையில் நிறுத்தியது இயற்கையன்று. அந்தப் பந்தியைக் கூட்டியவர்கள் நாம். பந்தி கூட்டியவனுக்கு இலைக்கும் பொறுப்புண்டு.

நம் வீடுகளில் ஒருவர் உண்டெழுந்த இலையில் இன்னொருவருக்குப் பரிமாறுகிறோமா? எச்சில் என்பதைப் பற்றி இவ்வளவு கண்டிப்போடு சிந்தித்த சமூகம் வேறு உண்டா என்பதே ஐயம். அந்தக் கண்டிப்பில் சாதியின் அழுக்கும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், உண்ட கலத்தின் வழியே நோய் செல்லும் என்ற நல்லறிவும் அதில் இருந்தது. பறவை என்று வரும்போது மட்டும் அவ்வறிவு நம்மை விட்டுப் போய்விடுகிறது. கவிதைகளில் பறவையை விடுதலையின் உருவமாகவும் பிரிவின் தூதாகவும் ஆக்கிக்கொண்டதில், அதற்கும் ஒரு கண் உண்டு, அது வீங்கும், வலிக்கும் என்பதை மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. இப்பக்கங்களில் எழுதும் நாமும் இதற்கு விலக்கல்லர்.

தமிழில் இருவேறு சொற்கள் இருக்கின்றன. இடுதல் ஒன்று, ஓம்பல் மற்றொன்று. இடுதல் ஒரு கணத்தில் முடிந்துவிடும் செயல். ஓம்பல் என்பது பேணுதல், காத்தல், அதற்கு முடிவில்லை. விருந்தினருக்குச் செய்யும் கடமையை நம் முன்னோர் விருந்தோம்பல் என்றழைத்தனர். உணவைக் கொடுப்பதோடு கடமை தீர்வதில்லை என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. வகுப்பறையில் இச்சொல்லுக்குப் பலமுறை பொருள் சொல்லியிருக்கிறோம். அதன் பொருள் நமக்கே இப்போதுதான் விளங்குகிறது.

ஓம்பத் தவறினால் கேடு பறவையோடு நிற்பதுமில்லை. 2020-21 பனிக்காலத்தில் பைன் சிஸ்கின் என்னும் வேறொரு சிறு குருவி வடக்குக் காடுகளிலிருந்து பெருந்திரளாக அமெரிக்காவுக்குள் வந்தது. தீனிக்கலங்களில் கூடிய அக்குருவிகளிடையே சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா பரவி, அவை தோட்டங்களில் செத்து விழுந்தன. கலத்தில் விழும் எச்சத்தின் வழியே பரவும் இக்கிருமி மனிதரையும் பீடிப்பது. 2021-இல் காட்டுப் பாட்டுப் பறவைகளோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட தொற்றில் 12 மாநிலங்களில் 29 பேர் நோயுற்றனர்; அவருள் 14 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கலிஃபோர்னியா முதலிய மாநிலங்களில் தீனிக்கலங்களைச் சிறிது காலம் கழற்றி வைக்குமாறு காட்டுயிர்த் துறையினர் கேட்டுக்கொண்டனர்.

நான்காம் நாள் மாணவிக்குப் பதில் எழுதினோம். "நிறுத்த வேண்டாம் அம்மா. ஆனால் இன்றே கலத்தைக் கழற்றி இரண்டு வாரம் உள்ளே வை. குருவிகள் கலைந்து போகட்டும். ஒன்பது பங்கு நீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து, துளை துளையாகத் தேய்த்துக் கழுவி, ஈரமின்றி உலர்த்து. கையுறை போட்டுக்கொள், பாத்திரம் துலக்கும் தொட்டியில் கழுவாதே. கீழே சிந்திய தானியத்தையும் கூட்டி அள்ளிவிடு. பிறகு மீண்டும் தொங்கவிடு. வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது இரு வாரத்துக்கு ஒருமுறை, இதையே செய். செய்ய இயலாது என்று தோன்றினால், அப்போது வைக்காதே. கண் மூடிய குருவியை மறுபடி கண்டால் நாளைக் குறித்து வை. பறவைகளைக் கணக்கெடுப்பவர்களுக்கு எழுது."

எழுதி முடித்து எழுந்தபோது, நம் வீட்டு மொட்டைமாடியில் காக்கைக்கும் மைனாவுக்கும் நாம் வைத்திருக்கும் மண்சட்டி நினைவுக்கு வந்தது. நாள்தோறும் அதில் நீர் ஊற்றியிருக்கிறோம். கழுவியதாக நினைவில்லை. மேலே போய்ப் பார்த்தோம். விளிம்பில் உலர்ந்த எச்சம். உள்ளே விரல் வைத்தால் வழுக்கும் பச்சைப் பாசி. தேங்காய் நார் கொண்டு தேய்க்க அரை மணி நேரம் ஆயிற்று. சட்டியை வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கினோம். கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, காலிச் சட்டியையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணை அன்றுதான் நாம் சரியாகப் பார்த்தோம்.