வேகத்தைக் கேட்கிறோம், பூட்டைக் கேட்பதில்லை

மைசூரு குவெம்பு நகரில் உள்ள எங்கள் வீட்டு அகலக்கற்றை இணைப்பு 100 மெகாபிட் வேகம் கொண்டது. உள்ளறைக்கு அதில் பாதிகூட வந்து சேரவில்லை என்று இருமுறை புகார் செய்தோம். பார்வையிட வந்த பணியாளர் தம் மடிக்கணினியைக் கம்பி வழியே ரூட்டருடன் இணைத்தார்; முழு வேகமும் வந்தது. குற்றம் எங்களுடையதே. கூடத்தின் அழகு கெடக்கூடாது என்று ரூட்டரை இரும்பு அலமாரியின் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம்.

வீடு வரை வரும் வேகம் வேறு, சுவர்களைத் தாண்டிக் கைபேசியை எட்டும் வேகம் வேறு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. ஆனால் தடித்த சுவர்களைக் கடப்பதில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் பின்தங்கியது. மற்றொரு குழப்பமும் உண்டு. இணைப்பு விற்கப்படுவது மெகாபிட்டில், கோப்பு அளக்கப்படுவது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலால், 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. 2004ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை 256 கிலோபிட்டையே போதுமென்றது. 2023இல்தான் குறைந்தபட்ச அளவு 2 மெகாபிட் ஆயிற்று. அதை நினைத்தால் நம் புகார்கள் சற்று மிகையாகவே தோன்றுகின்றன.

எங்களைத் திகைக்க வைத்தது அந்தப் பணியாளரின் அடுத்த கேள்வி: "இந்த இணைப்பில் எத்தனை கருவிகள் இருக்கின்றன, தெரியுமா?" ஐந்து என்றோம். பட்டியலில் பதினொன்று இருந்தன. மாடியில் குடியிருக்கும் மாணவர்களுக்குக் கடவுச்சொல்லை நாங்களே கொடுத்திருந்தோம். அவர்கள் வழியாக அது நண்பர்களுக்கும் போயிருக்கிறது. கடவுச்சொல்லோ எங்கள் தொலைபேசி எண்!

இதன் விளைவு எதுவரை போகும் என்பதற்கு 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே போதும். ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்றுமுன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. விசாரணை சென்று நின்ற இடம் நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீடு. அவருடைய வைஃபையைப் பிறர் பயன்படுத்தியிருந்தனர். ஆயினும் காவல்துறையின் கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே ஆனார். இணைப்பு எவர் பெயரிலோ, விசாரணையும் அவரிடமிருந்தே தொடங்கும்.

வங்கிக் கணக்கைப் பற்றி அஞ்சுவோருக்கு ஒரு சொல். வங்கித் தளத்துக்கும் நம் கருவிக்கும் இடையிலான போக்குவரத்து மறையாக்கம் செய்யப்பட்டது. வைஃபையில் நுழைந்தவர் அதை எளிதில் படித்துவிட முடியாது. ஆனால் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தையே கைப்பற்றியவர், நம்மைப் போலித் தளத்துக்குத் திருப்பிவிட முயலலாம். பல வீடுகளில் அப்பக்கத்தின் கடவுச்சொல் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. வைஃபை கடவுச்சொல்லை மாற்றினால் இதுவும் மாறிவிடும் என்று எண்ணுவது தவறு, இரண்டும் வேறு. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவரையே சாரும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை கூறியதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

அதற்காக மாடியில் இருப்பவர்களுக்கு இணையம் இல்லை என்று சொல்லிவிடலாமா? அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கிணற்று நீரைப் பகிர்ந்த வீடுகள் இவை. பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வலை அமைக்கும் வசதி இருக்கிறது. அதன் வழியே வருவோர் நம் கருவிகளை அணுகாதபடி செய்யலாம். ஆயினும் அதில் நடப்பதும் இணைப்பு பெற்றவர் பெயரிலேயே பதிவாகும். ஆகவே அறைகளை வாடகைக்கு விடுவோர், குடியிருப்போர் தத்தம் பெயரில் தனி இணைப்பு பெறச் செய்வதே முறை.

இணைப்பு தரும் நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. வேகத்தைச் சோதித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கும் பணியாளர், நிர்வாகக் கடவுச்சொல்லை நம் கையாலேயே மாற்றச் செய்துவிட்டுப் போவதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. அதைக் கேட்டுப் பெறாமல் நாமும் கையொப்பமிடக் கூடாது.

எங்கள் வீட்டில் அன்று மாலையே இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றி, பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 என்று அமைத்தோம். மாணவர்களுக்கு விருந்தினர் வலை; அடுத்த மாதத்திலிருந்து அவர்கள் பெயரிலேயே ஓர் இணைப்பு. ரூட்டர் இப்போது கூடத்தின் நடுவில், எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது.