முதல்வரைத் தேர்வது மன்றமா, மாளிகையா?

வாக்குகள் எண்ணி முடிந்தவுடன் குடிமக்களின் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு கட்சி பாதிக்கு மேற்பட்ட இடங்களைப் பெறுமாயின் அவ்வெண்ணம் பிழையாகாது. எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாதபொழுதோ, ஆள்வார் யாவர் என்னும் வினா வாக்குச் சாவடியை விட்டகன்று மாளிகை வாயிலிற் போய் நிற்கின்றது. ஆங்கு விடை கூறுதற்குரிய விதி யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

நம் அரசியல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, பிரதம மந்திரியைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்றும், மந்திரிசபை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்றும் கூறுகின்றது. மாநிலங்களில் 164-ஆம் பிரிவு அவ்வதிகாரத்தைக் கவர்னருக்கு அளிக்கின்றது. முதலில் யாரை அழைப்பது, எத்தனை நாட்களுக்குள் பெரும்பான்மையை மெய்ப்பிப்பது என்பவை ஆண்டு எழுதப்படவில்லை. அவை மரபிற்கும் அழைப்பவர் மனச்சான்றிற்கும் விடப்பட்டன.

அதன் விளைவு யாது? 1952-இல் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களுள் காங்கிரஸ் பெற்றவை 152 மட்டுமே. எனினும், தேர்தலில் நில்லாத இராஜாஜியை மேலவை உறுப்பினராக நியமித்து, ஆட்சியமைக்கக் கவர்னர் ஸ்ரீபிரகாசா அழைத்தார். 2017-இல் கோவாவின் 40 இடங்களுள் 17 பெற்ற காங்கிரஸ் அழைக்கப்படவில்லை. 13 பெற்ற பாரதீய ஜனதா கட்சி, பிறர் துணையுண்டென்று கூறி அழைப்புப் பெற்றது. மறு ஆண்டே கர்நாடகத்தில், தேர்தலுக்குப்பின் கூடிய இரு கட்சிகள் பெரும்பான்மை காட்டியும், 104 இடங்களுடன் தனிப்பெருங் கட்சியாக நின்ற பாரதீய ஜனதா கட்சியே அழைக்கப்பட்டது. கோவாவில் ஒரு நீதி, கர்நாடகத்தில் வேறொரு நீதி! இது கட்சிகளின் குற்றம் மட்டுமன்று, விதியின்மையின் குற்றமுமாகும்.

'பெரும்பான்மையை அளத்தற்குரிய இடம் சபையே என்று 1994-இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதே. இனி என்ன குறை?' என்று வினவுவாருளர். தீர்ப்பு நன்றே. ஆயினும் அவ்வளவை பதவியேற்ற பின்னரன்றோ நிகழ்கின்றது! கர்நாடகத்தில் கவர்னர் அளித்த தவணை 15 நாட்கள். அத்தகைய நாட்கள் உறுப்பினரை விலைபேசுதற்கு உதவுவனவேயன்றி வேறு யாதிற்கு உதவும்? உச்ச நீதிமன்றம் அத்தவணையைக் குறுக்கியதும், எடியூரப்பா வாக்கெடுப்பிற்கு முன்னரே பதவி துறந்தார்.

ஜெர்மனியின் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கொரு வழி காட்டுகின்றது. அங்குத் தலைவர் ஒருவர் பெயரை முன்மொழிவார். மன்றம் விவாதமின்றி வாக்களிக்கும். மொத்த உறுப்பினருட் பாதிக்கு மேற்பட்டோர் இசைந்தாலே அவர் முதல்வராவார். இசையாராயின் மன்றம் 14 நாட்களுக்குள் தானே ஒருவரைத் தேரலாம். அதுவும் இயலாதாயின் இறுதி வாக்கெடுப்பில் மிகுதி பெற்றவரை, அது பெரும்பான்மையாகாதவிடத்து, 7 நாட்களுக்குள் தலைவர் நியமித்தல் வேண்டும். அன்றேல் மன்றத்தைக் கலைத்தல் வேண்டும். 2025 மே 6-ஆம் நாள் மெர்ஸ் என்பார் 316 வாக்குகள் வேண்டியிருக்க 310 பெற்றுத் தோற்றார். அன்றே மறுமுறை 325 பெற்று முதல்வரானார். தோல்வியும் வெற்றியும் மன்றத்திலேயே நிகழ்ந்தன; மாளிகையின்மேற் பழி சுமத்த ஒருவருக்கும் இடமில்லை.

இம்முறை நம் மண்ணிற்கு ஒவ்வாது என்பார்க்கு 1998-இன் உத்தரப் பிரதேசமே விடை. முதன் மந்திரி யானே என்று இருவர் நின்றபொழுது, உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி சபை இருவருக்குமிடையே வாக்களித்தது. கல்யாண் சிங் 225, ஜகதாம்பிகா பால் 196 எனக் கணக்குத் தெளிந்தது, வழக்கும் தீர்ந்தது.

உத்தரமேரூர்க் கல்வெட்டை வகுப்பறையிற் பயிலுங்கால் ஒன்று என் நெஞ்சைத் தொட்டது. அது ஒரு வகுப்பார் சபைக்கே உரிய விதி; சீட்டெடுப்பேயன்றி வாக்கெடுப்பன்று. எனினும், குடத்தினின்று எடுத்த ஓலையை விரல்விரித்த உள்ளங்கையில் ஏற்று, யாவரும் கேட்கப் படித்தல் வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்தனர். மறைவிடத்தில் ஐயம் முளைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தனர்.

ஆதலின், புதிய சபை கூடி உறுப்பினர் உறுதிமொழி ஏற்றவுடன், முதற் கடமையாகத் தன் முதல்வரைத் தானே வெளிப்படையாகத் தேர்தல் வேண்டும். அவ்வாறு தேரப்பட்டவரையே தலைவரும் கவர்னரும் நியமித்தல் வேண்டும். இவ்வளவே யாம் வேண்டும் திருத்தம். முதன்முறை வாக்களிக்கச் செல்லும் எம்போன்ற மாணவர்க்கு, தாம் இட்ட வாக்கு இறுதிவரை எவ்வழிச் சென்றது என்று கண்ணாற் காணும் உரிமை உண்டன்றோ?