எங்கட காதுகள் கணக்கில் வருகுதா?

பிரான்சில் வாராவாரம் ஒரு கணக்கு வெளிவருகிறது. எந்தப் பாட்டு, எந்த அல்பம் கூட விற்றது என்ற பட்டியல். இசை வெளியீட்டு நிறுவனங்களின் சங்கமான ஸ்னெப் அதை வெளியிடுகிறது. அல்பம் 50,000 போனால் தங்கம், 100,000 என்றால் பிளாற்றினம், 500,000 என்றால் வைரம். லாச்சப்பல் நகைக்கடை மாதிரித்தான். ஆனாலும் இந்த நாடு உண்மையில் எதைக் கேட்குது என்று அறிய இதைவிட நல்ல இடம் இல்லை.

1984 நவம்பரில் கனால் பிளுஸ் தொலைக்காட்சி 'தொப் 50' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, 83 கலவரத்துக்குத் தப்பி எங்கட ஆக்கள் பாரிஸில் வந்திறங்கிக் கொண்டிருந்தார்கள். பாட்டுப் பட்டியல் பார்க்க ஆருக்கு நேரம்? நான் வந்தது அதுக்குப் பிறகுதான், எனக்கும் அதே கதை. உணவகக் குசினியில் கோப்பை கழுவிவிட்டு அறைக்கு வந்தால் ஊர்க் கசெற். பிரெஞ்சுப் பாட்டு என்றால் குசினி வானொலியில் ஓடுவதுதான். 1995இல் அதில் ஓயாமல் ஓடியது செலின் டியோன். அந்த வருட அல்பம் பிரான்சில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் விற்றது. பிரெஞ்சு மொழி அல்பங்களில் அதிகம் விற்றது இன்றும் அதுதான். பாடியவரோ கியூபெக்காரி!

இன்றைய பட்டியலில் முன்னுக்கு நிற்பது பெரும்பாலும் ராப். பாடுகிறவர்களில் பலர் குடியேறிகளின் பிள்ளைகள். மாலியில் பிறந்த அயா நக்கமுரா வளர்ந்தது ஒல்னே-சு-புவாவில், எங்கட சனம் நிறைய வாழும் அதே 93இல். 2018இல் அவருடைய 'ஜாஜா'வை மகள் காரில் போட்டபோது, "இதென்ன பாட்டு, இது பிரெஞ்சே இல்லை, நிப்பாட்டு" என்றேன். 2024இல் ஒலிம்பிக் திறப்பு விழாவில் அவர் பாடக்கூடும் என்று செய்தி வந்ததும் தீவிர வலதுசாரிகளும் அதையேதான் சொன்னார்கள், இன்னும் கேவலமாக. நான் சொன்னதை அவர்களின் வாயில் கேட்டபோது வெட்கமாக இருந்தது. ஜூலை 26ஆம் திகதி குடியரசுக் காவல்படையின் இசைக்குழுவோடு அவர் பாடினார், பிரெஞ்சு அக்கடமி இருக்கும் கட்டடத்துக்கு முன்னால்.

சரி, எங்கட பிள்ளையள் எங்கே? இங்கே பிறந்து, பிரெஞ்சும் தமிழும் கலந்து பாட்டெழுதும் பெடியள் இருக்கினம். யூரியூப்பில் போடுகினம், நாங்களும் கேட்கிறோம், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், கலியாண வீட்டில் ஆடுகிறோம். ஆனால் 2018இலிருந்து ஸ்னெப், இணையத்தில் சந்தா கட்டிக் கேட்பதை மட்டுமே கணக்கெடுக்கிறது. இலவசமாகக் கேட்டது எவ்வளவானாலும் பூச்சியம்.

இந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை. காதை எண்ணாமல் பையை எண்ணுகிற வேலை. வாடகைக்கே திண்டாடுகிற வீட்டை நான் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் மண்டபத்துக்கும் மேக்கப்புக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டுகிற நாங்கள், மாதம் பன்னிரண்டு யூரோ அளவான சந்தாவுக்கு மட்டும் "ஏன், சும்மா கிடைக்குதுதானே" என்கிறோம். பிறகு, எங்கட பிள்ளையளை ஆரும் கவனிக்கிறாங்கள் இல்லை என்ற முறைப்பாடு வேறு.

போன மாதம் சந்தா எடுத்தேன். மகள் இரண்டு தமிழ்ப் பெடியளின் பாட்டுகளைக் கைபேசியில் போட்டுத் தந்தாள். பாதிச் சொல்லுகள் விளங்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் கேட்டுவிட்டு, இரவு வந்து அவளிடம் அர்த்தம் கேட்கிறேன்.